பத்திரத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல்

ஜனவரி 9

அன்புள்ள அகராதி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இடது தோள்தான் மக்கர் செய்கிறது. முப்பது வருஷமாக அண்டா தூக்கிய தோள், அதற்கும் கோபம் வராதா?

உன்னிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டும். உன் பிரெஞ்சில் 'வியாந்த்' என்றால் என்ன? இன்று என்ன என்பதோடு, நானூறு வருஷத்துக்கு முன்னால் என்ன என்றும் சொல்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சமையற்கூடத்தில் தினமும் மதியம் முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், வேலை போனவர்கள், ரயிலைத் தவறவிட்டவர்கள். யார் நீ என்று யாரையும் கேட்பதில்லை. கட்டடத்தை எழுதிவைத்தவர் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வெகு முன்பே தனியாகக் கப்பலேறி வந்து இங்கே தங்கிய ஒரு வணிகர், 1583-இல் பிரெஞ்சில் பத்திரம் எழுதியிருக்கிறார். வருகிறவர் எவருக்கும் நாள்தோறும் வியாந்த் தர வேண்டும், அது நின்றுபோனால் கட்டடத்தை நிர்வாகக் குழு இஷ்டம்போல் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. வியாந்த் என்றால் இறைச்சி என்கிறது குழு. நாங்கள் தருவதோ பருப்பு, கீரை, ரொட்டி. ஆகவே நிபந்தனை முறிந்துவிட்டது, மூடிவிட்டுத் தங்கும் விடுதியாக மாற்றலாம் என்கிறார்கள். வழக்கு நடக்கிறது.

சும்மா ஒரு விவரத்துக்குத்தான் கேட்கிறேன். அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
பெரிய கரண்டி

ஜனவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் இப்போது மாடிப்படி ஏறுகிறார். ஏறிய பிறகு எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கி வருகிறார். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அண்டாவை இரண்டு பேராகத் தூக்குங்கள்.

கேள்வியைச் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். பிரெஞ்சு லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் பண்டிதர் லத்தீனிலிருந்து வரவில்லை. சிப்பாய்களும் சந்தைக்காரர்களும் பேசிய லத்தீனிலிருந்து வந்தது. பண்டிதர்கள் தலையை 'காபுத்' என்றார்கள். தெருவில் அதைக் கிண்டலாக 'தெஸ்தா', அதாவது சட்டி, என்றார்கள். சட்டிதான் நிலைத்தது. இன்று பிரெஞ்சில் தலைக்கு 'தெத்' என்று பெயர். நாமும்தான் மண்டையோடு என்கிறோம். அந்த ஓடு எந்த ஓடு என்று நீயே யோசித்துக்கொள்.

உன் வியாந்துக்கு வேர் 'விவெந்தா'. உயிர் வாழ வேண்டியவை என்று அர்த்தம். பல நூறு வருஷம் ரொட்டியும் வியாந்த், கீரையும் வியாந்த். சாப்பாட்டில் மதிப்பு கூடியது இறைச்சி என்பதால் சொல் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில்தான் இறைச்சி என்ற பொருள் ஓங்கி நின்றது. 1583-இல் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருந்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு நாற்பத்துச் சொச்சம் வருஷம் முன்னால் ஒரு பிரெஞ்சு அரசன் உத்தரவு போட்டான். லத்தீன் சொற்களுக்கு என்ன பொருள் என்று கோர்ட்டில் சண்டை ஓயவில்லை, இனி எல்லாக் காகிதமும் பிரெஞ்சிலேயே இருக்கட்டும் என்று. இப்போது பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் கேட்டு நீங்கள் கோர்ட்டில் நிற்கிறீர்கள்.

ஆமாம், இறைச்சி என்று மொழிபெயர்த்துக் கொடுத்த மகானுபாவர் யார்? சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கையில் முத்திரையைக் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். பெயரை எழுது. இந்தத் தொழிலில் முப்பது வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாத ஆளாக இருக்காது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை நெட்டி முறிக்கிறது. தோள் அப்படியே இருக்கிறது. நீயும் அத்தானும் நலம்தானே?

உன் கடிதத்தை எங்கள் வழக்கை நடத்தும் வக்கீலம்மாவிடம் படித்துக் காட்டினேன். சட்டி, தலை எல்லாம் கேட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்தக் காலத்துல ரெண்டு அர்த்தமும் புழக்கத்துல இருந்துச்சுன்னா, இவர் எந்த அர்த்தத்துல எழுதினார்னு எப்படிச் சொல்றது? அகராதி பத்தாது. பத்திரத்துக்குள்ளயே ஆதாரம் வேணும்."

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளத்தான். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எப்போதோ தப்பு செய்திருந்தால், அது பின்னால் வெளியே வந்தால், அவருக்கு என்ன ஆகும்?

உன் தம்பி

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம், அத்தானின் முழங்காலுக்கு மட்டும் அறுவைச் சிகிச்சை வேண்டுமாம். நீ நலமில்லை என்று நினைக்கிறேன். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறாய், கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த ஆள் பெயர் எங்கே?

அவருக்கு என்ன ஆகும் என்றால், மொழிபெயர்ப்பாளர் வாரியம் விசாரிக்கும். முத்திரையை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கட்டும். ஒரு சொல்லால் முந்நூறு பேர் தட்டைக் கவிழ்க்கிறவருக்கு முத்திரை எதற்கு?

உன் வக்கீலம்மா கெட்டிக்காரி. அவர் சொன்னதே சரி. நீ ஆவணக்காப்பகத்துக்குப் போ. மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கு. உனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது நல்லதுதான், தெரிந்தவர்கள் ஊகித்துத் தொலைப்பார்கள். நீ படம் வரைவதுபோல எழுத்தை அப்படியே வரை. வியாந்த் எப்படி இருக்கும் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அது வருகிற ஒவ்வொரு வரியையும், முன்வரி பின்வரியோடு எனக்கு அனுப்பு. தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பார். கூடவே அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பின் நகலையும் வை.

உன் அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று எழுதியிருந்தாயே, நாள் குறித்தாகிவிட்டதா?

இரண்டு நாள் விடுப்பு போட்டு ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்தேன். அங்கே பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும்தான். காப்பாளர் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார் என்ன ஆராய்ச்சி?" என்றார். "சமையல்" என்றேன். அதன் பிறகு என் பக்கமே வரவில்லை.

வியாந்த் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாவது இடம் கடைசித் தாளின் பின்புறத்தில் இருக்கிறது, நீ சொன்னதால்தான் திருப்பினேன். முன்பக்கத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு சேர்த்த நான்கு வரி. தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த நான்கு வரியே இல்லை.

ஆனால் அது நமக்கு உதவாது போலிருக்கிறது. வியாந்த் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சேர்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் நாற்காலிக்கு எழுதுகிற அதே ஐந்து எழுத்து. சாப்பிட வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறாரோ என்னவோ. எங்கள் கூடத்தில் பெஞ்சுதான். அதையும் நிபந்தனை மீறல் என்று சொல்லிவிடுவார்கள் என்று அடுப்படியில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

வரைந்த தாள்களை வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பின் முதல் பக்கம் மட்டும் இணைத்துள்ளேன். மற்றவை கிடைக்கவில்லை.

உன் தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு ஏப்ரல் இருபத்தோராம் தேதி அறுவைச் சிகிச்சை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். அத்தான் பயப்படுகிறார்.

உன் நாற்காலியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தம்பி, அது சேர் இல்லை, 'ஷேர்'. பிரெஞ்சில் சதை, இறைச்சி. லத்தீனின் 'கார்னெம்' தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. அந்தக் காலத்தில் இறைச்சிக்கு ஷேர் என்றும் உணவுக்கு வியாந்த் என்றும் எழுதினார்கள். உன் பென்சில் வரி சொல்வது இது: 'இறைச்சி விலக்கிய நாட்களில், இறைச்சி இல்லாத வியாந்த் தரப்படட்டும்.' வக்கீலம்மாவிடம் இதை இன்றே கொடு. வழக்கு முடிந்தது.

இனி மற்றொன்று.

நீ அனுப்பிய முதல் பக்கத்தில் 'இறைச்சி' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'ற' மட்டும் வரியை விட்டு மேலே ஏறி நிற்கிறது. அந்தத் தட்டச்சு இயந்திரம் இப்போதும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதை ரிப்பேர் செய்யச் சொல்லி எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கிறாய்.

முத்திரை கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் உனக்கு அது 'கிடைக்கவில்லை'. முதல் கடிதம் எழுதும்போதே உனக்குத் தெரியும், இல்லையா?

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும். நவம்பரில் வழக்குக் காகிதங்களைப் புரட்டும்போது கடைசிப் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. தாளை மூடிவிட்டு அன்று பருப்பில் இரண்டு தடவை உப்பு போட்டேன். முந்நூறு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். முத்திரை வாங்கி வந்த நாளில் வீட்டில் இருந்த எல்லாக் காகிதத்திலும் குத்திவிட்டு, காகிதம் தீர்ந்ததும் என் நெற்றியில் குத்தினாயே. மறுநாள் அந்த நெற்றியோடுதான் வேலைக்குப் போனேன். அப்படிப்பட்டவளிடம் 'நீதான் தப்பு செய்தாய்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லின் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு, உன் பெயரைத் தொடாமல் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்படியே முடிப்போம். பின்புறத்து நான்கு வரி கிடைத்துவிட்டது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து படித்துச் சொன்னால் போதும் என்கிறார் வக்கீலம்மா. நீ வராதே. வந்தால் குழுவின் வக்கீல் உன்னை நார்நாராகக் கிழித்துவிடுவார். வாரியம் சும்மா இருக்காது. உனக்கு இன்னும் எட்டு வருஷமாவது வேலை செய்ய ஆசை இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். இருபதாம் தேதி விசாரணைக்கு வருகிறேன். வக்கீலம்மாவுக்கும் எழுதிவிட்டேன்.

எப்படி நடந்தது என்று மூன்று நாளாக யோசித்தேன். அந்தப் பத்திரத்தில் கடினமான சொற்கள் நாற்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அகராதி பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது. வியாந்த் சுலபமான சொல். முதல் வருஷ மாணவருக்கே தெரியும். அதனால் பார்க்கவில்லை. என்னிடம் வந்த நகலில் பின்புறம் இல்லை, நானும் கேட்கவில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் சொல்வதற்கு வசதியாக இருந்திருக்கும்.

என் தப்பைப் பேராசிரியர் வந்து திருத்த, நான் இங்கே ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டு இருக்க முடியாது.

அக்கா

ஏப்ரல் 23

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செவிலியரை இப்போதே அதிகாரம் செய்கிறார், அதனால் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் விசாரணை முடிந்த அன்று மாலையே ரயிலைப் பிடித்து ஓடினேன், உன்னைப் பார்க்காமல் வந்தது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. நீயும் அடுப்பை விட்டு வர முடியாது, தெரியும். வக்கீலம்மாவிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை ரயிலில் பிரித்தேன். ரொட்டியில் உப்பு சரியாக இருந்தது.

நீ இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன். நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி ஒன்று, அதுவும் நீதிபதிக்கு. குழுவின் வக்கீல் மெல்லிய ஆள், கனத்த குரல். எழுந்ததும் கேட்டார்:

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இறைச்சின்னு எழுதிக் கொடுத்தீங்க. இப்ப உணவுங்கறீங்க. எதை நம்பறது?"

"ரெண்டுலயும் என்னை நம்ப வேணாம் சார். பத்திரத்தை நம்புங்க. கடைசித் தாள், பின்பக்கம்."

மூலத்தைக் கொண்டுவரச் செய்திருந்தார்கள். படித்துக் காட்டினேன். "வியாந்த்னா இறைச்சின்னு வச்சுக்கிட்டா, இந்த வரிப்படி இறைச்சி இல்லாத இறைச்சி பரிமாறணும். அதை எந்தச் சமையல்காரர் செய்வார்?"

அதற்குத்தான் அவர் காத்திருந்தார். "அந்தச் சமையற்கூடத்துல பெரிய சமையல்காரர் உங்களுக்கு யாரு?"

"என் தம்பி."

"கூடப் பிறந்த தம்பி. தம்பிக்காக மாத்திச் சொல்றீங்க."

"நான் தம்பிக்காக மாத்திச் சொல்லலாம் சார். 1583-ல இதை எழுதினவருக்கு என் தம்பியைத் தெரியாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. பிறகு அவரே கேட்டார்: "ஒரே சொல் உணவையும் குறிக்கும், இறைச்சியையும் குறிக்கும்னா எப்படிம்மா?"

"ஐயா, நம்ம 'கறி'யை எடுத்துக்கங்க. காய்கறிக் கடைக்குப் போறோம், அங்க ஆடு தொங்கறதில்ல. ஆனா 'இன்னைக்குக் கறி எடுத்தேன்'னா எல்லாருக்கும் ஆட்டுக்கறிதான் ஞாபகம் வருது. நானூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் நம்ம கடைப் பலகையைப் பார்த்து, இவங்க கத்தரிக்காயையும் மிருகம்னு நினைச்சாங்கன்னு எழுதினா எப்படி இருக்கும்? நான் செஞ்சது அதுதான்."

சுருக்கெழுத்தாளர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்.

வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். "அப்ப உங்க முத்திரையோட ஒரு பொய் இருபத்திரண்டு வருஷம் ஊருக்குள்ள திரிஞ்சிருக்கு."

"பொய் இல்ல சார், தப்பு. ஆனா திரிஞ்சது உண்மை. அதனாலதான் வந்திருக்கேன்."

கூண்டிலிருந்து இறங்கியதும் வராந்தாவில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். உன்னிடம் மறைப்பானேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், ரொம்ப நலம். நேற்று காலை தீர்ப்பு வந்தது. வியாந்த் என்பது உணவு. நிபந்தனை ஒரு நாளும் முறியவில்லை. சமையற்கூடம் இருக்கும்.

வக்கீலம்மா ஓடி வந்து சொன்னபோது நான் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களுக்கு அறிவிக்கலாம் என்று கரண்டியோடு வெளியே போனால், அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கு இருந்ததே தெரியாது. ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னைக்குச் சாப்பாடு இல்லையா?" என்றார். "இருக்கு ஐயா, உக்காருங்க" என்றேன். அவர் தட்டில் நானே பரிமாறினேன்.

தீர்ப்பில் உன் சாட்சியத்துக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது. வரைந்து அனுப்பவா? இந்தத் தடவை தமிழ்தான், சுலபம்.

வாரியம் என்ன சொன்னது? நீ ஒன்றும் எழுதவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் தம்பி

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய் வருகிறார். உன் தோளை டாக்டரிடம் காட்டினாயா? பதிலில் அதை மட்டும் முதலில் எழுது.

வாரியம் என் முத்திரையை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறது. சரியான தீர்ப்பு. உன் தீர்ப்பு வந்த வாரமே இதுவும் வந்தது. உன் சந்தோஷத்தில் கல்லைப் போட வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. மறைப்பதில் நாம் இருவரும் ஒரே ரத்தம்.

அந்த வருஷத்தை வீணாக்கவில்லை. இதுவரை செய்த எல்லா மொழிபெயர்ப்புக்கும் கார்பன் நகல் இருக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டு கட்டு. முதலிலிருந்து படித்து வருகிறேன், சுலபமான சொற்களை மட்டும். நூற்றுப் பதினேழு முடிந்தது. தப்பு ஒன்று அகப்பட்டது.

பிரெஞ்சில் 'போ ஃபிஸ்' என்று ஓர் உறவு. சொல்லுக்குச் சொல் 'அழகான மகன்'. இடைக்காலத்தில் யாரை மரியாதையாக அழைத்தாலும் முன்னால் 'அழகான' என்று சேர்ப்பார்கள். மற்ற இடங்களில் அந்த மரியாதை உதிர்ந்துபோய், உறவுப் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மகளைக் கட்டியவனும் போ ஃபிஸ், மனைவி முதல் கல்யாணத்தில் பெற்ற மகனும் போ ஃபிஸ். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் மெக்கானிக் வெளிநாட்டில் இறந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வாரிசு என்ற இடத்தில் அந்தச் சொல். நான் மருமகன் என்று எழுதிவிட்டேன். அதே தாளில் நான்கு வரி கீழே 'பெண் பிள்ளைகள் இல்லை' என்று நானே எழுதியிருக்கிறேன். மகள் இல்லாதவருக்கு மருமகன் ஏது என்று அன்று தோன்றவில்லை.

அந்த 'மருமகனின்' முகவரி இருந்தது. இரண்டு பேருந்து மாறிப் போனேன். அவருக்கு ஒரு சின்னப் பூட்டுக் கடை, நாற்பது வயது இருக்கும். சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லித் திருத்திய தாளை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் காகிதத்தைக் காட்டின எடத்துல எல்லாம், 'இறந்தவர் உங்க மாமனாரா'ன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வருவேன். மூணு வயசுல இருந்து என்னை வளர்த்தவருங்க அவர்."

 முத்திரை இல்லாமல் இந்தத் தாள் செல்லாது, ஒரு வருஷம் கழித்து நானே வந்து குத்தித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"மெதுவா வாங்க" என்றார். "நான் அவருக்கு மகன்னு எனக்கு எப்பவும் தெரியும். காகிதத்துக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாவியை மறுபடி கையில் எடுத்தார். நான் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். நாளை காலை நூற்றுப் பதினெட்டாவது கட்டைப் பிரிக்க வேண்டும்.

தோளைக் காட்டிவிட்டு எழுது.

உன் அக்கா